பிரேக் பிடிக்கலை சார்!

காலையில் காபியோடு பேப்பர் படிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் இந்த வாக்கியம் உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ‘மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த லாரி, பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து...’

அந்த மூன்று புள்ளிகளுக்கு அப்புறம் வருவது எதுவும் நல்ல செய்தியாக இருக்காது.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இருக்கிறது. பெங்களூருக்கு சாலை வழியாகப் போய் வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தருமபுரிப் பக்கத்து மேட்டுநிலம் சட்டென்று சேலத்துப் பக்கம் தாழ்ந்து இறங்குகிற இடம். மைசூர்ப் போர்க் காலத்தில் படைகள் கடந்துபோன பாதை. இப்போது இரவும் பகலும் பாரம் ஏற்றிய லாரிகள் இறங்குகின்றன. 2020 டிசம்பர் 12-ம் தேதி அங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற வாகனங்களின் மீது மோதியதில் நாலு பேர் இறந்துபோனார்கள். 2024 ஜனவரி 24-ம் தேதி மறுபடியும் அதே கணவாய். லாரிகளும் கார்களும் மோதி, தீப்பிடித்து, மறுபடியும் நாலு உயிர். இது இரண்டு தேதிகள் மட்டும்தான். பட்டியல் நீளம்.

இந்த மாதிரி விபத்துகளில் வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது யார் தெரியுமா? பிரேக்! ‘பிரேக் பிடிக்கலை சார்!’ என்று டிரைவர் சொல்வார். போலீஸ் எழுதிக்கொள்ளும். நாமும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவோம்.

பிரேக்குக்கு வாய் கிடையாது. அதனால் இந்த வாரம் அதற்காக நாமே ஒரு வக்காலத்து போட்டுப் பார்க்கலாம். வழக்கு கொஞ்சம் பழசு. 1888-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

* * *

ஜெர்மனியில் மான்ஹைம் என்ற ஊர். அங்கே கார்ல் பென்ஸ் என்கிற எஞ்சினீயர், குதிரை இல்லாமல் ஓடுகிற ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்துவிட்டு, அதை வெளியே நெடுந்தூரம் ஓட்டிக் காட்டத் தயங்கிக்கொண்டிருந்தார். யாரும் வாங்குவதாகவும் இல்லை. அவருடைய மனைவி பெர்த்தாவுக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. 1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடிகாலையில், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். எங்கே? வேறெங்கே, அம்மா வீட்டுக்குத்தான். ஃபோர்ட்ஸ்ஹைம். போகிற வழி மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல்.

உலகத்தின் முதல் நெடுந்தூர கார் பயணம் என்று இதைச் சொல்கிறார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றியது, குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தது எல்லாம் நீங்கள் எங்கேயாவது படித்திருக்கலாம். நமக்கு வேண்டியது அது இல்லை. ஏற்றம் வந்தபோதெல்லாம் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். சரி, இறக்கம் வந்தபோது?

அந்த வண்டியின் பிரேக், சக்கரத்தோடு உரசுகிற ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான். ஒவ்வொரு இறக்கத்திலும் அது உரசி உரசித் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில், வழியில் இருந்த பவுஷ்லாட் என்ற சிற்றூரில் பெர்த்தா வண்டியை நிறுத்தினார். மெக்கானிக்கைத் தேட முடியாது. அப்படி ஒரு தொழிலே அப்போது பிறக்கவில்லை! செருப்புத் தைக்கிறவரிடம் போனார். ‘இந்தக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனார்.

இன்றைக்கு நாம் ‘பிரேக் லைனிங்’ என்று சொல்கிறோமே, காரில் அதன் முதல் அவதாரம் இதுதான்.

அதற்கு ஒன்பது வருடம் கழித்து இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இதே காட்சி திரும்பவும் நடந்தது. டெர்பிஷயர் என்ற மலைப்பாங்கான மாவட்டம். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் பாரத்தோடு சரிவில் இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்கள் கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸைச் செருகி வைத்திருந்தார்கள்! வெறும் கட்டையைவிட பூட்ஸ் நன்றாகப் பிடித்தது. பூட்ஸே இந்தப் பிடி பிடித்தால், இதற்கென்றே ஒரு பொருளைச் செய்தால் என்ன? 1897-ல் வேலையை ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, கூட மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து ‘ஃபெரோடோ’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். உங்கள் ஊர் ஆட்டோமொபைல் கடைகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பெர்த்தாவும் சரி, டெர்பிஷயர் வண்டிக்காரர்களும் சரி, சமதரையில் கஷ்டப்படவில்லை. இரண்டு கதையுமே இறக்கத்தில்தான் நடக்கிறது. ஏன்?

* * *

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சமாசாரத்தைத் தூசி தட்டி எடுப்போம். பயப்படாதீர்கள், ஃபார்முலா கிடையாது.

பிரேக் என்ன செய்கிறது? ‘வண்டியை நிறுத்துகிறது’ என்று சொல்வோம். அது பாதி பதில்தான். ஓடுகிற வண்டியின் சக்தி எங்கேயும் காணாமல் போகாது. பிரேக் அதைச் சூடாக மாற்றுகிறது. அதாவது நீங்கள் காலால் மிதிப்பது ஒரு அடுப்பை!

பத்துச் சக்கர லாரி ஒன்று 25 டன் எடையோடு 200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தப் பயணத்தில் பிறக்கிற சூடு எவ்வளவு தெரியுமா? 160 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பத்து நிமிஷத்தில் இறங்குவதாக வைத்தால், ஆயிரம் வாட் ஹீட்டர் 80-ஐ அந்தப் பத்து நிமிஷமும் எரியவிட்ட மாதிரி. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் சக்கரத்துக்குள்ளே இருக்கிற இரும்பு டிரம்மின் தலையில்தான்.

சமதரையில் எப்போதாவது ஒருமுறை மிதிக்கிறீர்கள். டிரம் சூடாகும், அப்புறம் காற்றுப்பட்டு ஆறிவிடும். இறக்கத்தில் ஆறுவதற்கு அவகாசமே கிடையாது. டிரம் சூடாகிச் சூடாகி விரிந்து, லைனிங்கை விட்டு விலகிக்கொண்டே போகும். லைனிங்கும் அளவுக்கு மீறிச் சுட்டால் பிடிமானத்தை இழந்துவிடும். டிரைவர் மிதிக்கிறார், கால் கீழே போகிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. பட்டறைக்கு வந்து ஆறியபிறகு சோதித்தால் அதே பிரேக் நன்றாகப் பிடிப்பதும் உண்டு!

ஆக, எங்கள் கட்சிக்காரர் ‘பிடிக்கவில்லை’ என்பது உண்மைதான். ஆனால் பிடிக்க முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் கேள்வி.

* * *

இந்தக் கேள்வியோடு லாரிக்கு முன்னால் மல்லுக்கட்டியவர்கள் ரயில்வேக்காரர்கள். ஒரு லாரிக்கே இந்தப் பாடு என்றால் ரயிலுக்கு எப்படி இருக்கும்!

அமெரிக்காவில் அந்தக் காலத்து ரயில்களில் ‘பிரேக்மேன்’ என்று ஆட்கள் இருந்தார்கள். டிரைவர் விசில் அடித்தால், ஓடுகிற பெட்டிகளின் கூரைமேல் ஏறி, ஒவ்வொரு பெட்டியாகத் தாவித் தாவி, கையால் சக்கரத்தைத் திருகி பிரேக் போட வேண்டும். மழையிலும் பனியிலும் அதே வேலைதான். விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற 22 வயசுப் பையன், அமுக்கப்பட்ட காற்றைக் குழாய் வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பி பிரேக் போடுகிற முறைக்கு பேடன்ட் வாங்கினார். மூணு வருடம் கழித்து அதையே தலைகீழாக்கினார். காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் உடைந்தோ, பெட்டி கழன்றோ காற்று வெளியேறினால், தானாகவே பிரேக் விழும். கோளாறு வந்தால் நிற்க வேண்டுமே தவிர, ஓடக்கூடாது. எவ்வளவு அழகான யோசனை! இன்றைய பெரிய லாரிகளின் ‘ஏர் பிரேக்’ அந்த வம்சம்தான்.

கூரைமேல் தாவாத பிரேக்மேன்களை நீங்களே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ஓட ஆரம்பித்த நம் நீலகிரி மலை ரயிலில் பெட்டிக்கு ஒருவராக, முன்பக்கம் வெளியே நின்றுகொண்டு கையால் பிரேக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயருகிற சரிவு அது. அடுத்தமுறை ஊட்டிக்குப் போகும்போது மேகத்தையும் குகையையும் பார்த்துவிட்டு, அவர்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

ரயில்காரர்கள் கண்டுபிடித்த இன்னொரு விஷயம்தான் நம் வழக்குக்கு ரொம்ப முக்கியம். சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்கு 1871-ல் ரயில் விட்டவர் நிக்லாஸ் ரிகன்பாக். அவருடைய எஞ்சின் மலை இறங்கும்போது சிலிண்டர்களுக்குள் நீராவிக்குப் பதிலாக வெளிக்காற்றை இழுத்து அமுக்கும். காற்றை அமுக்குவது சுலபமா? சைக்கிள் பம்ப் அடித்தவர்களைக் கேளுங்கள். அந்தச் சிரமமே ரயிலைப் பிடித்து இழுக்கும். பிரேக்கட்டைக்கு வேலை மிச்சம்!

மலை ஏற்றிய அதே எஞ்சினே மலை இறக்கவும் செய்கிறது. இந்தச் சங்கதி லாரிக்கு வந்துசேர இன்னும் 90 வருடம் ஆனது. அதற்கு ஒரு மனுஷன் சாவின் விளிம்புவரை போய்வர வேண்டியிருந்தது.

* * *

கிளெஸ்ஸி கம்மின்ஸ். கம்மின்ஸ் எஞ்சின் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களே, அதே கம்மின்ஸ்தான். 1919-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கம்பெனி ஆரம்பித்து, ‘டீசல் எஞ்சினை லாரியில் வைக்கலாம்’ என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவர். யாரும் நம்பவில்லை. அதனால் 1931-ல் ஒரு காரியம் செய்தார். தன் டீசல் எஞ்சினை ஒரு லாரியில் பூட்டி, இரண்டு சகாக்களை ஏற்றிக்கொண்டு, நியூயார்க்கில் கிளம்பி லாஸ் ஏஞ்சலீஸ் வரைக்கும் ஓட்டினார். அமெரிக்காவின் ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் என்ற இறக்கம் வரும்வரை. அமெரிக்காவின் தொப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். லாரி இறங்க ஆரம்பித்தது. பிரேக் சூடானது. அப்புறம் பிரேக்கே இல்லாமல் போனது. லாரி தன் இஷ்டத்துக்கு வேகம் பிடித்தது. கீழே பார்த்தால் ஒரு லெவல் கிராஸிங். அதைக் கடந்து ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது!

லாரியை நிறுத்த வழியே இல்லை. ரயிலின் கடைசிப் பெட்டி சாலையைக் கடந்ததும், மயிரிழையில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியதும் ஒன்றாக நடந்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். சாதனையும் நடந்தது. ஆனால் கம்மின்ஸ் அந்த இறக்கத்தை மறக்கவே இல்லை.

அவருக்குப் புரிந்த விஷயம் இது. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபடும். எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் எஞ்சினில் அந்தக் கதவே கிடையாது. காற்றை உள்ளே இழுத்து அமுக்கும், சரி. ஆனால் அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். வாங்கின சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் நல்ல மனசு! பாரம் சுமப்பதில் சூரனான டீசல் எஞ்சின், இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதில் சோப்ளாங்கி.

ஓய்வுபெற்ற பிறகு, 1950-களில், கம்மின்ஸ் அதற்கு விடை கண்டுபிடித்தார். காற்றை நன்றாக அமுக்கியாச்சு, அது திருப்பித் தள்ளப்போகிற அந்த நொடியில் வெளிப்போக்கு வால்வைத் திறந்துவிட்டால்? காற்று ‘டப்’ என்று வெளியே ஓடிவிடும். வாங்கியதை எஞ்சின் திருப்பித் தராது. ரிகன்பாக்கின் மலை ரயில் சூத்திரம்தான், ஆனால் டீசலுக்கு! ட்ரில்லிங் மெஷினுக்குப் பிடிப்பான் செய்து பேர் வாங்கிய ஜேக்கப்ஸ் என்ற கம்பெனி அதைத் தயாரித்து 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லாரிக்காரர்கள் செல்லமாக ‘ஜேக் பிரேக்’ என்றார்கள். மெஷின் கன் சுடுகிற மாதிரி சத்தம் போடும். ‘எங்கள் ஊருக்குள் எஞ்சின் பிரேக் போடாதே’ என்று அமெரிக்கச் சிற்றூர்களில் போர்டு வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருடம் மனசில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு பயம், கடைசியில் ஒரு கருவியாக வந்தது.

* * *

‘சரி, கருவி வந்தாச்சு. பிரச்னை தீர்ந்ததுதானே?’ என்று கேட்பீர்கள். அதே கஹோன் கணவாய்க்கு 58 வருடம் கழித்து மறுபடி போவோம்.

1989 மே 12. 69 வேகன்களில் ட்ரோனா என்ற தாதுவை ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு ரயில் இறங்குகிறது. சரக்கின் எடை பேப்பரில் எழுதப்படவில்லை. ஒரு குமாஸ்தா, வேகனுக்கு 60 டன் இருக்கும் என்று உத்தேசமாகப் போட்டுக்கொண்டார். உண்மையில் 100 டன்! கிட்டத்தட்ட 9,000 டன் ரயிலை, ஆறாயிரத்துச் சொச்சம் டன் என்று நினைத்து இறக்குகிறார்கள். போதாக்குறைக்கு, எஞ்சின்களில் சிலவற்றின் மோட்டார் பிரேக் சரியாக வேலை செய்யவில்லை. வேகம் கையை மீறிப் போனபோது பின்னால் இருந்த எஞ்சினில் அவசர பிரேக்கைப் போட்டார்கள். அதைப் போட்டதும், அந்த அமைப்பின்படி, மிச்சமிருந்த மோட்டார் பிரேக்கும் துண்டித்துக்கொண்டது. மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் தடம்புரண்டு, சான் பெர்னார்டினோ நகரத்தின் ஒரு தெருவுக்குள் வீடுகள் மேல் போய் விழுந்தது. நாலு பேர் இறந்தார்கள். 13 நாள் கழித்து, அங்கே பூமிக்கடியில் போகும் பெட்ரோல் குழாய் வெடித்து இன்னும் இரண்டு பேர்.

வெஸ்டிங்ஹவுஸின் ஏர் பிரேக் அந்த ரயிலில் இருந்தது. எஞ்சின் பிரேக்கும் இருந்தது. எவ்வளவு பாரம் என்று தெரியாமல் மலை உச்சியில் கிளம்பியதுதான் தப்பு. வேகம் ஏறிய பிறகு எந்த பிரேக்காலும் அதைத் திருத்த முடியவில்லை.

இதைப் படிக்கும்போது நம் ஊர் லாரிகள் ஞாபகத்துக்கு வருகின்றனவா? பத்துச் சக்கர லாரிக்கு இவ்வளவு டன்தான் என்று சட்டம் உண்டு. 2018 வரை 25 டன். அதற்குப் பிறகு 28.5 டன். அதற்கு மேல் ஏற்றுவது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். கூடுதலாக ஏற்றுகிற ஒவ்வொரு டன்னும் இறக்கத்தில் பிரேக்குக்குப் போடுகிற விறகு.

* * *

இப்போது நம் வழக்கின் முக்கியமான சாட்சியைக் கூப்பிடலாம். அவர் பெயர் நியூட்ரல்.

இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தட்டிவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுவது லாரிக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பழக்கம். ‘டீசல் மிச்சம் சார்!’ தொப்பூரில் போலீஸாரும் அதிகாரிகளும் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கொடுத்த டீசல் கணக்குக்குள் ஓட்டி முடித்தாக வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி அவர் தலைமேல் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள் வேறு. மிச்சமாகிற டீசல் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் காசு.

ஆனால் அந்த மிச்சம் உண்மையிலேயே மிச்சமா?

கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், உருளுகிற சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடுகிறது. எலெக்ட்ரானிக் முறையில் டீசல் விடும் இன்றைய எஞ்சின்கள் அப்போது டீசலையே நிறுத்திவிடும். சொட்டுகூடச் செலவில்லை! நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது பிரேக் போட்டுத்தான் இறங்க வேண்டிய சரிவில், நியூட்ரல் என்பது டீசலிலும் நஷ்டம். லைனிங் தேய்வது தனி நஷ்டம். உயிர் போவது கணக்கில் வராத நஷ்டம்.

நியூட்ரலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வேகம் ஏறிய பிறகு, பாரவண்டியைத் திரும்பக் கீழ் கியருக்குக் கொண்டுவருவது லேசில் நடக்காது. கியர் விழாது. அதனால்தான் பழைய டிரைவர்கள் சொல்வார்கள், ‘எந்த கியரில் ஏறுவியோ, அதே கியரில் இறங்கு’ என்று. அதையும் சரிவு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மலைப்பாதைகளில் ‘கீழ் கியரில் செல்லவும்’ என்று போர்டு இருப்பது அழகுக்கு இல்லை.

அப்படியும் பிரேக் தேவைப்பட்டால் எப்படி மிதிப்பது? இறங்கும்வரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதுதான் பத்திரம் என்று நாம் நினைப்போம். இல்லை! லேசான மிதியில் எல்லாச் சக்கரத்து பிரேக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. முதலில் பிடிக்கிற ஒன்றிரண்டு சக்கரங்கள் மொத்தச் சூட்டையும் வாங்கிக்கொண்டு வெந்து போகும். அமெரிக்காவில் லாரி லைசென்ஸுக்குச் சொல்லித்தருவது இதுதான்: முதலில் சரியான கியர். அப்புறம், வேகம் எல்லையைத் தொட்டால் திடமாக ஒரு மிதி. மணிக்கு எட்டு கிலோமீட்டர் குறைந்ததும் சுத்தமாக விட்டுவிடு. மறுபடி எல்லையைத் தொட்டால் மறுபடி மிதி. நடுவில் கிடைக்கிற இடைவெளியில் எல்லா டிரம்மும் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

* * *

‘நான் லாரி ஓட்டவில்லையே, ஆபீஸுக்கு காரில் போகிறேன், ஸ்கூட்டரில் போகிறேன்’ என்கிறீர்களா? வாங்க, உங்களையும் கூண்டில் ஏற்றிவிடலாம்.

சிக்னல் சிவப்பாக இருக்கிறது. நூறு மீட்டர் தள்ளியே தெரிகிறது. என்ன செய்கிறோம்? பக்கத்து ஆட்டோவை முந்திக்கொண்டு சீறிப்பாய்ந்து போய், ஸ்டாப் லைனில் சரக்கென்று பிரேக் அடிக்கிறோம். அங்கே அந்த ஆட்டோவும் நிதானமாக வந்து பக்கத்திலேயே நிற்கிறது! ஒரு டன் எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50 தடவை இப்படி நின்றால், அந்தச் சூட்டில் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நீங்கள் பங்க்கில் காசு கொடுத்துப் போட்ட பெட்ரோலில் இருந்துதான். பெட்ரோலை வாங்கி வேகமாக்கி, வேகத்தை பிரேக்கில் எரித்து, கூடவே லைனிங்கையும் தேய்த்து, தூசியாக ரோட்டில் கொட்டுகிறோம். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கிறவர்கள் பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரரும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும். ஐரோப்பாவில் 2024-ல் ஏற்றுக்கொண்ட ‘யூரோ 7’ விதிகளில், புகைக்கு மட்டுமில்லாமல் பிரேக் தூசிக்கும் முதல்முறையாக வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

வேகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 60-ல் போகிறவர் 80-ல் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிற்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது! லாரியின் முன்னால் இருக்கிற காலி இடத்தில் சடாரென்று காரை நுழைக்கிறோமே, அது அவர் அசந்து விட்டுவைத்த இடம் இல்லை. இருபத்தைந்து டன்னை நிறுத்த அவருக்கு வேண்டிய இடம். அதை நாம் பிடுங்கிக்கொண்டால் அவர் தேய்ப்பது தன் லைனிங்கை. பணயம் வைப்பது நம் உயிரை.

இந்த வீணடிப்பை நிறுத்த வழி வந்துகொண்டிருக்கிறது. 2015-ல் ஓட ஆரம்பித்த சென்னை மெட்ரோ ரயில், நிற்கும்போது அந்தச் சக்தியை மின்சாரமாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. மின்சாரக் கார்களும் காலை எடுத்தாலே மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி பேட்டரிக்குள் சேமிக்கின்றன. ரிகன்பாக்கும் கம்மின்ஸும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதிலும் முன்னால் பார்த்து நிதானமாகக் காலை எடுக்கிறவருக்குத்தான் நிறையச் சேரும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் பழைய லைனிங்தான் வந்து காப்பாற்ற வேண்டும்.

* * *

வழக்கை முடிக்கும் முன்னால் பெர்த்தா பென்ஸைத் திரும்பவும் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டு பத்திரமாகத் திரும்பியவர், கணவரிடம் குறைகளைச் சொன்னார். அதில் ஒன்று, ‘வண்டிக்குச் சின்ன கியர் ஒன்று வேண்டும்’ என்பது. ஏற்றத்தில் பையன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததே, அதற்காகக் கேட்டார். கார்ல் பென்ஸும் அதைச் செய்து சேர்த்தார். ஆக, ஒரே பயணத்திலிருந்து உலகத்துக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, பிரேக் கட்டைக்குத் தோல். இன்னொன்று, மலைக்குச் சின்ன கியர். அந்தக் கியர் ஏறுவதற்கு மட்டுமில்லை, இறங்குவதற்கும்தான் என்பது இத்தனை வருடம் கழித்தும் தொப்பூரில் போர்டு வைத்துச் சொல்ல வேண்டிய விஷயமாக இருக்கிறது.

அடுத்தமுறை அந்தக் கணவாயில் இறங்கும்போது, சின்ன கியரில் முனகிக்கொண்டு ஆமை மாதிரி உங்கள் முன்னால் ஒரு லாரி போகும். தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். அந்த டிரைவர் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.